நீக்கப்பட்ட காற்று

மனிதனுக்கு ஒரு பைத்தியமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அவருடைய பைத்தியம் மொட்டை மாடியில் இருந்தது. இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி, பக்கத்தில் காற்றுத் திசைகாட்டி, கீழே மழையை அளக்கும் குட்டி வாளி, வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய கூண்டுக்குள் ஒரு வெப்பமானியும் காற்றழுத்தமானியும். அங்கிருந்து கேபிள் ஒன்று சுவரோரமாக இறங்கி, சன்னல் இடுக்கில் நுழைந்து, அறையிலிருந்த கணினியில் போய் முடிந்தது. அதிலிருந்த வானிலை மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ஒன்பது வருடமாக ஒரு நிமிடம் விட்டுப்போகவில்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்குத் தனியாக ஒரு பேட்டரி வேறு வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வாங்கித் தரச் சொல்லி மனைவி கேட்டுக்கொண்டிருந்த மிக்ஸி இன்னும் வரவில்லை.

பகலில் அவருக்குக் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கும் வேலை. குளிரூட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். மாலை ஆறரைக்கு வீட்டுக் கணினி முன்னால் டீயோடு உட்கார்ந்துவிட்டார் என்றால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். விழுந்த இடியை அளந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவன் டவர் கிரேன் ஓட்டுபவன். நூற்றைம்பது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டன் கணக்கில் தூக்கி இறக்குபவன். "என்ன மாமா, இன்னைக்குக் காத்து எப்படி? ஒருதடவை எங்கூட மேல வாங்க, கையாலயே பிடிச்சுத் தரேன்" என்பான். 'காத்தாடி மாமா' என்று பெயர் வைத்ததும் அவன்தான். தெருப் பிள்ளைகள்வரை அது பரவிவிட்டது. அவர் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது எரிந்தது என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு கோளாறை இங்கே சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் அவருடைய பழைய கேபிளில் மின்சாரம் ஏதோ விளையாடியது. இலைகூட அசையாத நேரத்தில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததாகப் பதிவாகும். இப்படித் திடீரென்று தாவுகிற எண்களை மென்பொருள் சிவப்பில் எடுத்து ஒரு பட்டியலாகக் காட்டி, வைத்துக்கொள்ளவா நீக்கவா என்று கேட்கும். அவர் நீக்கு என்பார். முன் நிமிடத்துக்கும் பின் நிமிடத்துக்கும் நடுவே அது ஒரு நேர்க்கோடு போட்டு, ஓட்டை தெரியாமல் அடைத்துவிடும். தினமும் நாலைந்து இருக்கும். இரண்டு மடக்கு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த மாதம் மூன்றாம் தேதி அவர் கேபிளையே மாற்றினார். நல்ல உறை போட்ட கேபிள். 'கேபிள் மாற்றப்பட்டது, கோளாறு தீர்ந்தது' என்று குறிப்பும் எழுதி வைத்தார். அதன்பின் ஒரு வாரம் சிவப்புப் பட்டியல் காலியாகவே வந்தது. பதினோராம் தேதி மாலை ஒரே ஒரு வரி வந்திருந்தது. கை பழக்கத்தில் போய் நீக்கு என்றது. கண் அதைப் பார்த்ததா என்றால், பார்த்தது. டீ சூடாக இருந்தது என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது.

ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. நாலு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் விபத்து. மைத்துனன் தூக்கிய கம்பிக் கட்டு நடுவானில் ஊஞ்சலாடி, சாரத்தில் மோதி, சாரத்துக் குழாய் ஒன்று சரிந்து கீழே நின்ற சைகைக்காரன் காலில் விழுந்துவிட்டது. கிரேன்காரனுக்குக் கண்ணும் காதும் அந்தச் சைகைக்காரன்தான். கீழே நின்று கை காட்டுகிறவன், ஆறு வருடமாக இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தவர்கள், சாப்பாட்டுப் பெட்டியைக்கூடப் பங்கு போட்டுக்கொள்பவர்கள். காலில் இரண்டு இடத்தில் முறிவு.

"காத்துக்கா. திடீர்னு ஒரே அடி. கூண்டே ஆடிடுச்சு" என்று மைத்துனன் அக்காவிடம் போனில் சொல்லிச் சொல்லி அழுதான்.

கிரேனில் இருக்க வேண்டிய காற்றுமானி பழுதாகி உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தது. தரையில் நின்றவர்களைக் கேட்டால், காற்று அடித்தது என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர், நான் டீ குடிக்கப் போயிருந்தேன் என்றார்கள் மற்றவர்கள். எனவே விசாரணைக்கு வந்த பாதுகாப்புப் பொறியாளர் அம்மா, அக்கம்பக்கத்தில் யாராவது காற்றை அளக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு இவர் வீட்டுப் படியேறினார்.

அவருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்ததுபோல் இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மொட்டை மாடியைச் சுற்றிக் காட்டினார். பதினோராம் தேதியின் வரைபடத்தை எடுத்து அச்சடித்தார். விபத்து நடந்த மூன்றிலிருந்து நாலு மணிவரை அதிகபட்சக் காற்று மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். கோடு பூனை நடையாய்ப் போயிருந்தது.

"சார், இந்த எண்கள்ல நீங்க ஏதாவது மாத்தம் பண்ணியிருக்கீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அந்த இடத்தில் அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. அன்று மாலை ஒரு சிவப்பு வரி இருந்ததே என்று. திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் திறந்தால் நீக்கியது தெரியும், நீக்கியது தெரிந்தால் இது விளையாட்டுச் சாமான் என்று இந்த அம்மாவும் நினைத்துவிடுவார். "மேடம், ஒன்பது வருஷ ரெக்கார்டு இது. ஒரு நிமிஷம்கூட விட்டுப்போனதில்ல" என்றார்.

கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். அதைவிட, ஓட்டுநர் இவருக்கு மைத்துனன் என்று தெரிந்ததும் அந்த அம்மாவின் மரியாதை இன்னும் கூடிவிட்டது. சொந்த மைத்துனனுக்கு எதிராகவே காகிதத்தை நீட்டுகிறவர் பொய் சொல்வாரா? தெருவிலும் அதே பேச்சு. 'மனுஷன்னா அவரு மனுஷன், சொந்தம் பந்தம் பாக்கல.' கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கையெடுத்துக் கும்பிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அது அவருக்கு இனித்தது.

பத்து நாளில் மைத்துனன், தவறு தன் கையுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கிரேன் உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஒரு கிடங்கின் வாசலில், லாரி வரும்போது தடுப்புக் கம்பத்தைத் தூக்கி, போனபின் இறக்கும் வேலை கிடைத்தது. சைகைக்காரன் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

இரண்டரை மாதம் கழித்து மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அவர் ஆசையாக அதை ஏற்றினார். அது பழைய பதிப்பின் கோப்புகளை வாங்கிக்கொள்ளாமல், கருவி முதன்முதலில் எழுதிய மூலப் பதிவுகளைத் தானே மறுபடி படித்தது. படித்து முடித்து, ஆண்டின் உச்சங்களை வரிசைப்படுத்திக் காட்டியது. அதிக வெயில், அதிக மழை. அதிகக் காற்று: அறுபத்தொன்று. விபத்து நடந்த அதே பதினோராம் தேதி. பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு.

'மோட்டார்' என்று வாய்விட்டுச் சொன்னார். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா மூன்று நொடி நீடித்தது. கேபிளை மாற்றியது மூன்றாம் தேதி. குறிப்பு அவர் கையால் எழுதியது.

பிறகு மற்ற வரைபடங்களைத் திறந்தார். அதே மூன்று நாற்பத்திரண்டிலிருந்து பத்தே நிமிடத்தில் வெப்பம் முப்பத்துநாலிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. காற்றழுத்தக் கோடு படியேறியதுபோல் ஒரு துள்ளல் துள்ளியிருந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு மழைமேகம் உடைந்து, அதன் குளிர்காற்று மழையில்லாமல் தனியாக ஓடி வந்திருக்கிறது. மோட்டார் காற்றுமானியை ஏமாற்றலாம். மூன்று கருவியும் பேசி வைத்துக்கொண்டு ஏமாறுமா? இதைச் சொல்ல அவருக்கு யாரும் தேவையில்லை. அவர்தான் ஊருக்கே சொல்லித் தருகிற ஆளாயிற்றே.

காற்று அடித்திருக்கிறது. அவன் சொன்னபடியே அடித்திருக்கிறது. அதை இவர் டீ குடித்துக்கொண்டே அழித்திருக்கிறார்.

உடனே எழுந்து ஓடினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தார். முதல் நாள், இன்னும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள் சரிபார்த்தார். மூன்றாம் நாள் மழை வாளியைக் கழுவினார். எப்படியும் ஒரு வருடத்தில் உரிமம் திரும்பி வந்துவிடும், அதில் கொஞ்ச நாள் ஓடியும்விட்டது என்று ஒரு கணக்கு. தப்பில்லாமல் அவன் ஏன் கையெழுத்துப் போட்டான் என்று ஒரு வாதம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? கடையில் ஒரு கிழவருக்கு வலது கண்ணின் எண்ணை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே தெருமுனைவரை ஓடினார். ஒரு மாலை, அந்த அறுபத்தொன்றின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துக்கூடப் பார்த்தார். ஒரு சொடுக்குப் போதும். மனைவியின் காலடிச் சத்தம் கேட்டதால் கையை எடுத்துக்கொண்டாரே தவிர, நல்லவர் என்பதால் இல்லை.

சாப்பிடும் நேரம்தான் மிகவும் கொடுமை. மனைவி தம்பியின் அழைப்பை எடுக்க மாட்டாள். எடுத்தாலும் வசவுதான். "தப்பு பண்ணிட்டு காத்து மேல பழியப் போட்டியேடா. உங்க மாமா ரெக்கார்டு மட்டும் இல்லேன்னா ஊரையே ஏமாத்தியிருப்ப" என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, அவள் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "திங்கக்கிழம உரிமத்தையே திருப்பிக் குடுத்துடப் போறானாம். இனிமே மேலயே ஏற மாட்டேங்கிறான். கிடங்குலயே நிரந்தரமா இருந்துக்கறானாம். போகட்டும், இன்னொருத்தன் காலாவது தப்பும்."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். திருப்பிக் கொடுத்த உரிமம் மறுபடி கிடைக்காது.

மறுநாள் காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மூலப் பதிவை எடுத்துக்கொண்டு பொறியாளர் அம்மாவின் அலுவலகத்துக்குப் போனார். மைத்துனனுக்குத் தெரியாமல், மனைவிக்கும் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி சரிசெய்துவிட முடியாதா என்ற நப்பாசை. அந்த அம்மா மூன்று வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டேனே சார்."

"கேட்டீங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத வெச்சு நான் மறுபடி விசாரணையத் திறக்க முடியும். ஆனா உங்க காகிதத்த மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்ணல. அவரே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு. அவரு அத வாபஸ் வாங்கணும். திங்கக்கிழம காலைல கூட்டிட்டு வாங்க. நடந்தது என்னன்னு அவருக்கு நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

அவர் கூப்பிட்டதும் அன்று மூன்று மணிக்கு மைத்துனன் வந்தான். கிடங்கின் காக்கிச் சட்டை, ஆள் பாதியாக இளைத்திருந்தான். அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "உக்காரு மாப்ள" என்று கணினி முன்னால் தன் நாற்காலியையே போட்டுக் கொடுத்தார். இதுவரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. கேபிள், மோட்டார், சிவப்புப் பட்டியல், நீக்கியது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவனைப் பார்க்காமல் திரையையே பார்த்துச் சொன்னார்.

அவன் திரையில் நட்டுக்கொண்டு நின்ற அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தான்.

"அப்ப காத்து அடிச்சுது."

"அடிச்சுது."

"நெசமாவா மாமா?"

"அறுபத்தொண்ணு."

அவன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்னு நெனச்சீங்களா? இல்ல மாமா. எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு, கூண்டுக் கண்ணாடி கடகடன்னு அதிர்ந்தது. அப்புறம் உங்க பேப்பரக் காட்டினாங்க. காத்தாடின்னு நான் உங்கள ஓட்டுவேனே தவிர, நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். மாமா பதினெட்டுன்னா பதினெட்டுதான். அப்ப அதிர்ந்தது என்ன? என் கைதான் நடுங்கியிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய், அவன் கட்டில் பக்கத்துல நின்னு, என் கைதாண்டா உன் கால ஒடச்சுதுன்னு சொன்னேன். இப்பவும் அந்தத் தடுப்புக் கம்பத்தத் தொடும்போதே கை உதறுது."

வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"கையெழுத்துப் போடுடான்னு நான்தானே சொன்னேன்" என்றாள். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்று காலைதான் தெரியும் என்று சொல்லிவிடலாம். யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. நாக்கின் நுனிவரை அது வந்தது.

"பத்தொம்பது நாளாச்சு" என்றார்.

அவள் விரல்விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. "தெனமும் நான் இவனத் திட்டினேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க. ரசம் ஊத்துன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

மன்னிச்சிடு என்று அவர் சொன்னது யாருக்கும் கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. அவள் தம்பியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவனுடைய உதறும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மற்றொரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"திங்கக்கிழம வரேன் மாமா. அதுக்கு முன்னாடி, கால் ஒடஞ்சு கெடக்கானே, அவன்கிட்டப் பேசுங்க. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான், உங்க போன்ல இருந்து போடுங்க."

"நான் என்ன சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறேம்பான்." அவன் குரலில் கிண்டலோ கோபமோ துளிகூட இல்லை. "நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

அவன் எண்ணைப் படிக்கப் படிக்க அவர் அழுத்தினார். மணி போயிற்று. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். ஊன்றுகோல் எதன்மீதோ தட்டுகிற சத்தம் முதலில் கேட்டது, பிறகு குரல்.

"ஹலோ, யாரு பேசறது?"

அக்காவும் தம்பியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க அடிபட்ட அன்னைக்கு காத்து அடிச்சுதுங்க" என்றார். "அத அழிச்சவன் பேசறேன்."